நான்கு துளை இடு, மகனே

என் மகனே! என் மருமகளே! பின்னொரு நாள் நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இம்மடலைப் படிக்கப்போகும் நோர்பரி, டூட்டிங், ஸ்ட்ரெதம் வாழ் இல்லத்தோரே! மேடையேறிப் பிறர் குறைகளை எடுத்துரைத்தே பெயர் வாங்கியவள் நான். இன்று என் குறை என் சொந்த மகன்மீது. அதைச் சுற்றிவளைக்காமல் முதலிலேயே வைத்துவிடுகிறேன். நோர்பரியில் நீ வாங்கிய வீட்டின் பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டகம் நிற்கிறது. சாந்தியின் மகள் மயூரியின் மணநகைகள் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டகம் தரையோடு பிணைக்கப்படவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மயூரிக்கு எழுத்து, அதாவது திருமணப் பதிவு. காலையிலேயே நீங்கள் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவீர்கள், அங்கிருந்து விருந்துக்குப் போவீர்கள், திரும்ப மாலையாகும். நகைகளை அவள் அணியப்போவதோ அதற்கடுத்த ஞாயிறு, மண்டபத்தில். ஆகவே வெள்ளி பகல் முழுதும் அந்த வீட்டில் நகைகள் இருக்கும், ஆள் இருக்காது. இதுவே என் முறையீடு.

மலர் தைப்பொங்கலுக்குத்தான் வெளிவரும். அதில் பெயர்களை மாற்றிவிடுவேன். திருமணமும் அதற்குள் முடிந்திருக்கும். கள்ளனுக்கு அம்மாவே வழி சொல்லிக் கொடுக்கிறாளே என்று நீ அஞ்ச வேண்டாம். உனக்குரிய படியை இன்று திங்கட்கிழமையே அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நீ “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்று சொல்லிக்கொண்டே கணினியில் வேறு வேலை பார்ப்பாய். விசைகளின் ஒலி எனக்குக் கேட்கும். அதுமட்டுமன்று. இம்மடலில் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றும் இருக்கின்றன. கேட்பதற்கு என் குரல் போதும். ஒப்புக்கொள்வதற்குத்தான் அது எட்டு ஆண்டுகளாகப் போதவில்லை.

நேற்று நானும் அப்பாவும் வந்தபோது பின்னறைக்கு அழைத்துச் சென்று பெட்டகத்தைக் காட்டினாய். நல்ல பெட்டகம்தான். கதவின் கனத்திலும் பூட்டின் உறுதியிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் குனிந்து பார்த்தேன். அதன் அடிப்புறத்து மூலைகள் நான்கிலும் கம்பளித் துண்டுகள் ஒட்டியிருந்தன. புதிதாகப் போட்ட மரத்தரையில் கீறல் விழக் கூடாதென்று நீயே வெட்டி ஒட்டினாயாம். நான் முழங்காலை வைத்து மெல்ல அழுத்தினேன். அறுபதைத் தாண்டிய, மூட்டு வலிக்காரியான என் ஒற்றை முழங்காலுக்கு அந்த இரும்பு ஒரு சாண் விலகி வழிவிட்டது.

“அம்மா, என்ன செய்யிறீங்கள்? நூறு கிலோ அது. ஆர் தூக்கிக்கொண்டு போறது?” என்றாய்.

“தூக்கத் தேவையில்லை, தம்பி. நான் இப்ப தள்ளினனான், பாத்தனிதானே?”

“ஃப்ளோர் போட்டு ரெண்டு மாதம்தான் ஆகுது. அதுக்குள்ள ஓட்டை போட ஏலாது. வாரண்டி போயிடும்.”

கதவடியில் நின்ற என் மருமகள் இடையில் புகுந்தாள். கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து நம் வீட்டுப் பிள்ளையானவள். அவள் பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு இருக்கும். “நான் சொல்லிப் பாத்துட்டேன் அத்தை. சோபாக் காலுக்கெல்லாம் சாக்ஸ் போட்டு விட்டிருக்காரு. கல்யாணத்தன்னிக்கு என் கையைக்கூட இவ்வளவு பதனமா பிடிக்கல.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “இஞ்சரும், இப்ப விடும். பிள்ளை உள்ளுக்கை நிக்கிறாள்,” என்றார். அடுத்த அறையில் மயூரி தன் மணச்சேலைக்குத் தைத்த சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பேருந்தேறி வீடு வந்து சேரும்வரை தாடை வலித்தது.

இனி நான் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதி தெரியாது. இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில் நாம் ஸ்ட்ரெதமில் இருந்தோம். உனக்குப் பதினேழு அகவை. டூட்டிங்கில் நகைக்கடையை மூடிய ஒருவரிடமிருந்து அப்பா ஒரு பழைய பெட்டகத்தை வாங்கினார். நான்கு பேர் மூச்சு வாங்க அதை உள்ளே கொண்டுவந்து பின்னறையில் இறக்கினார்கள். வீட்டின் பிற அறைகளெல்லாம் பலகைத் தரை. பின்னறை மட்டும் பிறகு கட்டியது, அதன் அடித்தளம் சிமெந்து. அதனால்தான் அப்பா அந்த மூலையைத் தேர்ந்தார். ஒரு நாளைக்கென்று வாடகைக்கு டிரில் எடுத்து வந்தார். தரைவிரிப்பின் மூலையை மடக்கி, பெட்டகத்தின் அடியிலிருந்த நான்கு துளைகளுக்கும் நேரே சிமெந்தில் பென்சிலால் நான்கு வட்டம் போட்டார். வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் டிரில்லின் வயரைச் செருகிக்கொண்டிருந்தார்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். அங்கேதான் நான் பேசத் தொடங்கினேன். மூன்று முறை வீடு விட்டு ஓடியவர்கள் நாம் என்றேன். ஓடிய ஒவ்வொரு முறையும் தூக்க முடிந்தது மட்டுமே நம்மோடு வந்தது, சுவரோடும் தரையோடும் இருந்தவை எல்லாம் அங்கேயே நின்றன என்றேன். கிணற்று மோட்டரை இறுக்கி வைத்தோம், அது போயிற்று. தையல் இயந்திரத்தைப் பலகையோடு திருகாணியால் முடுக்கி வைத்தோம், அது போயிற்று. இனி நான் வாழும் எந்த வீட்டிலும் தரையோடு முடுக்கிய ஒரு பொருளும் இருக்காது என்றேன். அதற்கும் மேலே போய், இந்த நாட்டின் நிலத்தில் துளையிட்டு ஒன்றை நாட்டுவது இனித் திரும்பமாட்டோம் என்று கையெழுத்து இடுவதற்கு ஒப்பாகும் என்றும் சொன்னேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாலு பேர் சேர்ந்து கொண்டுவந்த சாமான் இது. ஓடேக்கை நீர் இதைத் தலையில வைச்சுக்கொண்டே ஓடப் போறீர்?” என்றார்.

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் பேசினேன். மகனே, உன் தாய் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறாள், கைதட்டல் வாங்கியிருக்கிறாள், பட்டிமன்றங்களில் எதிரணியை வாயடைக்கச் செய்திருக்கிறாள். ஆனால் இருவர் மட்டும் கேட்ட அந்தப் பேச்சை விடச் சிறந்த பேச்சு நான் பேசியதில்லை. முடிவில் உன் அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அவர் வயரைப் பிடுங்கிச் சுற்றினார். வாடகை நேரம் முடியுமுன்பே டிரில்லைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மடக்கிய தரைவிரிப்பு மீண்டும் விரிக்கப்பட்டது. அதன்மேல் பெட்டகம் ஏறி நின்றது. நான் வென்றேன். என் வாழ்வில் நான் பெற்ற வெற்றிகளில் திருப்பிக் கொடுக்க வழியில்லாத வெற்றி அது ஒன்றுதான்.

அதே மாதம் சாந்தி வந்தாள். டூட்டிங்கில் நான்கு குடும்பங்கள் ஒரே அடுக்களையைப் பகிர்ந்துகொண்ட ஒரு வீட்டில், பூட்டில்லாத ஓர் அறையில், பதினான்கு அகவை மயூரியோடு இருந்தவள். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஊரில் அவள் கணவர் காணாமற்போய் அப்போதே நான்கு ஆண்டுகள். இருக்கிறார் என்றும் சொல்வாரில்லை, இல்லை என்றும் சொல்வாரில்லை. கழுத்தில் தாலிக்கொடியோடு வேலைக்குப் போய்வர அவளுக்கு அச்சம். கழற்றி அறையில் வைக்கவும் அச்சம். ஒரு கடைப் பையில் கொடியையும், கணவர் எழுதிய கடிதக் கட்டையும் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, உங்கட வீட்டில சேஃப் இருக்கெண்டு சொல்லிச்சினம். இதை வைச்சிருப்பியளோ? எனக்கு இவ்வளவுதான் இருக்குது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “என் வீட்டில் இருப்பது மலைக்குள் இருப்பதற்குச் சமம், சாந்தி,” என்றேன். வீட்டில் பேசும்போதுகூட மேடையை விட்டு இறங்காத நாக்கு! அவள் நம்பினாள். நான் சொன்னதை யாரும் நம்பாமல் போனதில்லை.

பிறகு உன் பெரியப்பா மகனின் திருமணம் வந்தது. அவனுடைய பெற்றோர் பிரான்சில் இருந்ததால் அழைப்பிதழில் மணமகன் இல்லம் என்று நம் ஸ்ட்ரெதம் முகவரியையே அச்சிட்டோம். இல்லத்தோரே, இதை நீங்களும் கேளுங்கள். நம் அழைப்பிதழில் நாம் மூன்று செய்திகளைப் பொன்னெழுத்தில் அச்சிடுகிறோம். நாம் யார், எங்கே குடியிருக்கிறோம், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அங்கே இருக்கமாட்டோம். அச்சிட்டுவிட்டு, நேரில் போய்க் கொடுக்க முடியாதவர்களுக்கென்று டூட்டிங் கடைகளில் போன் கார்ட் அட்டைகளுக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாக வைத்துவிட்டும் வருகிறோம். அன்பினால் செய்கிறோம், யாரும் அழைப்பு வரவில்லை என்று மனம் நோகக் கூடாதென்று செய்கிறோம். ஆனால் அந்த அட்டையை எடுத்துப் படிக்கிற எல்லாரும் நம் உறவினர் அல்லர்.

அன்று காலை எட்டு மணிக்கு வீடு காலியாயிற்று. மாலை ஐந்து மணிக்கு, நல்ல வெயிலில், முப்பது பேர் பட்டும் வேட்டியுமாகத் திரும்பி வந்தோம். அடுக்களைக் கதவு நெம்பப்பட்டிருந்தது. மாடியில் ஒன்றும் கலையவில்லை. பின்னறைத் தரைவிரிப்பில், பெட்டகம் நின்ற இடத்தில், கனத்தில் அமுங்கிய ஒரு சதுரம் தெரிந்தது. அங்கிருந்து பின்கதவு வரை இரண்டு சக்கரத் தடங்கள். பின்சந்தில் உன் சறுக்குப் பலகை கிடந்தது, ஒரு சக்கரம் பிளந்து. அதன்மேல் ஏற்றி உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம்முடைய நகை ஒன்றுகூடப் போகவில்லை. ஏனென்றால் திருமணத்துக்கென்று நாம் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு போயிருந்தோம். வீட்டில் எஞ்சி இருந்தது நம்மை நம்பிக் கொடுத்தவளுடையது மட்டும்தான். போனதும் அதுதான்.

அந்த நேரத்தில் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். முதன்முதலாக வேட்டி கட்டி, அது அவிழ்ந்துவிடுமோ என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்ற உன்னை நோக்கி, முப்பது பேர் கேட்க, “உன்ர பலகையை உள்ளுக்கை எடுத்து வைச்சிருந்தால் இது போயிருக்குமோ?” என்று கத்தினேன். அப்பாதான், “பிள்ளையை ஏனப்பா பேசுறீர்?” என்றார். அதன் பிறகு நீ சறுக்குப் பலகையைத் தொட்டதே இல்லை. புதிதாக ஒன்று வாங்கித் தரட்டுமா என்று அடுத்த பிறந்தநாளுக்கு அப்பா கேட்டபோது, வேண்டாம், வளர்ந்துவிட்டேன் என்றாய்.

இனி உனக்குத் தெரியாதவை. மறுநாள் டூட்டிங் போகும் பேருந்தில் சாந்தியிடம் சொல்ல வேண்டிய சொற்களைத் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். அவள் பொது அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒழுங்குபடுத்திய ஒரு சொல்லும் வரவில்லை. போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் கீரையை வைத்துவிட்டு, “கடிதங்களுமோ அக்கா?” என்றாள். கொடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கள்ளனுக்குக் கடிதம் எதற்கு, எங்கேயாவது எறிந்திருப்பான் என்று ஒரு வழி தோன்றி, நானும் அப்பாவும் இரண்டு கிழமைகள் சந்து சந்தாகக் குப்பைத் தொட்டிகளைக் கிளறினோம். ஐந்தாம் வாரம் பொலிஸ்காரர்கள் அழைத்தார்கள். திறந்தவெளி ஒன்றின் ஓரத்துப் புதருக்குள், முதுகு வெட்டப்பட்ட நிலையில் பெட்டகம் கிடந்தது. உள்ளே மழைநீர். கடிதக் கட்டு கூழாகியிருந்தது. அந்தக் கூழைச் சாந்தி துவாய்த் துண்டில் ஏந்தி வாங்கினாள். ஹீற்றரின் மேல் வைத்துக் காய வைத்தாள். காய்ந்த பிறகு அது நீலம் பாரித்த ஒரு கட்டி. ஒரு சொல்லும் தெரியவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

அடுக்களைக் கதவைத் திருத்த வந்தவர் குணம் அண்ணை. ஜேர்மனியில் பூட்டுத் தொழில் பழகி லண்டனுக்கு வந்தவர். அவர் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். சிமெந்தில் நான்கு பென்சில் வட்டங்கள்.

“அளவெல்லாம் சரியா எடுத்திருக்கிறியள். பிறகேன் அண்ணை போல்ட் அடிக்கேல்லை?” என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “நேரம் கிடைக்கேல்லை,” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் எனக்காகப் பொய் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டு நின்றேன். உன்மேல் ஒரு பழியைப் போட்டேன், அவர்மேல் ஒரு பழியை விட்டேன். ஊரின் பிழைகளையெல்லாம் ஒலிவாங்கியின் முன் நின்று எண்ணிச் சொல்லத் தெரிந்த எனக்கு, “நான்தான் வேண்டாம் என்றேன்” என்ற சொற்கள் வரவில்லை.

குணம் அண்ணை தொடர்ந்து சொன்னார்: “கள்ளன் சேஃபைத் திறக்க வாறேல்லை அண்ணை. திறக்க நேரம் வேணும், சத்தம் வரும். அவன் கொண்டுபோக வாறான். தன்ர இடத்தில வைச்சு, தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு ஆறுதலா முதுகை வெட்டுவான். நிலத்தோட போல்ட் அடிச்சால் அவன் உங்கட வீட்டிலதான் நிண்டு வேலை செய்ய வேணும். அதுக்கு அவனுக்குத் துணிவில்லை. நிலத்தோட சேராத சேஃப், நீங்கள் அவனுக்கு அடுக்கி வைச்ச சூட்கேஸ்.”

மகனே, சென்ற மாதம் சாந்தி உன் வீட்டில் நகைகளை வைக்கப்போவதாக என்னிடம் சொன்னாள். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நம் வீட்டில் ஒருவரும் ஒரு மோதிரத்தைக்கூட வைத்திருங்கள் என்று கொடுத்ததில்லை, அது சரியே. எட்டு ஆண்டுகள் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஒரு காப்பு, பிறகு ஒரு சங்கிலி, பிறகு ஒரு சோடித் தோடு என்று மகளுக்காக அவள் சேர்த்ததை நான் அறிவேன். “ஏன் சாந்தி, வங்கியில் வைக்கலாமே?” என்றேன்.

“வங்கியில பெட்டி கேட்டால் ஆறு மாதம் பொறு எண்டுறாங்கள் அக்கா. கலியாணம் முடியத்தான் கிடைக்குமாம். அதோட, தம்பியிட்ட வைக்கிறதில எனக்கு என்ன பயம்? அண்டைக்குத் தேடித் திரிஞ்ச பிள்ளைதானே.”

“நாங்கள்தானே தேடினோம்,” என்றேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதோ? பள்ளிக்கூடம் விட்டு ரயில் பாதையோரமாத் தேடிப்போட்டு ஒவ்வொரு வெள்ளியும் என்ர வாசலில வந்து நிப்பான். ‘இண்டைக்கும் கிடைக்கேல்லை அன்ரி, சாரி’ எண்டு சொல்லுவான். கையெல்லாம் ஊத்தை. நான் கழுவப் பண்ணி, தேத்தண்ணி குடுத்து அனுப்புவன். சேஃப் கிடைக்குமட்டும் வந்தவன்.”

அந்த வெள்ளிக்கிழமைகளில் நீ பிந்தி வந்ததற்காக உன்னை ஏசியிருக்கிறேன். சட்டையில் கறை என்று ஏசியிருக்கிறேன். யாரோடு சுற்றுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். நீ சொல்லவில்லை. நான் உன்மேல் வைத்த பழியை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதற்கான கழுவாயைத் தனியே தேடி அலைந்திருக்கிறாய். ஆகவே, முப்பது பேர் கேட்கச் சொன்னதை, மலர் படிக்கும் எல்லாரும் கேட்கத் திருப்பி எடுக்கிறேன். உன் பலகை அந்தப் பெட்டகத்தைக் கொண்டுபோகவில்லை. பலகை இல்லையென்றால் ஒரு போர்வை போதும். அதில் வைத்து இழுத்திருப்பார்கள். நான்கு போல்ட் இருந்திருந்தால் நூறு பலகை இருந்தும் பயன் இருந்திராது. அந்த நான்கு போல்ட்டையும் தடுத்தது என் நாக்கு. பிழை உன்னுடையது அன்று. ஒருநாளும் இருந்ததில்லை. என்னைப் பொறுத்துக்கொள்.

இவ்வளவும் உன் மனத்தை உருக்கச் சொல்லவில்லை. என் பேச்சு ஒருவரை உருக்கியதால் வந்த கேட்டைத்தான் இதுவரை படித்தாய். கேள், இனி வேலை. டிரில், போல்ட் என்பவற்றுக்கு மேடையில் வேறு சொல் சொல்லியிருப்பேன். இங்கே உன் கை தவறக் கூடாது, ஆகவே கடைக்காரர் விளங்கிக்கொள்ளும் சொல்லையே எழுதுகிறேன். உன் பின்னறையும் பிறகு கட்டியதுதான். மரப்பலகையின் கீழே சிமெந்து இருக்கிறது, வீடு வாங்கும்போது நீயே சொன்னாய். பலகையின் மேல் வைத்து முடுக்காதே. பெட்டகத்துக்கு வேண்டிய அளவுக்கு அந்த மூலைப் பலகைகளைக் கழற்றி எடு. கம்பளித் துண்டுகளைக் கிள்ளி எறி. பெட்டகத்தின் அடி நேரே சிமெந்தில் படிய வேண்டும், முதுகும் ஒரு பக்கமும் சுவர்களை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் நெம்புகோலை நுழைக்க இடம் இருக்காது. கீழே தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ சூடேற்றும் குழாயோ ஓடுகிறதா என்று முதலில் சரிபார். அடியிலிருக்கும் துளைகளுக்கு நேரே குறியிட்டு, பெட்டகத்தை நகர்த்திவிட்டு, சிமெந்தைத் துளைக்கிற சுத்தியல் டிரில்லால் பெட்டகத்தோடு வந்த தாளில் சொன்ன ஆழத்துக்குத் துளை இடு. துளைக்குள் தூசி இருந்தால் போல்ட் பிடிக்காது, உறிஞ்சி எடு. பிறகு பெட்டகத்தை மீண்டும் வைத்து, உள்ளிருந்து போல்ட்களை இறக்கி, உள்ளே அவை விரிந்து சிமெந்தைக் கவ்வும்வரை ஸ்பானரால் முடுக்கு. ஒன்றிரண்டு போதும் என்று நிறுத்தாதே. உன் வீட்டு இன்சூரன்ஸ் காப்புறுதித் தாளை எடுத்துப் பார். தரையோடு பிணைத்திருக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று தேடு. என் கண்ணுக்கு நேற்று அது தட்டுப்பட்டது. அந்த வரிக்கு நேரே உன் கையெழுத்தும் இருந்தது.

வாரண்டி என்றாய். நான்கு பலகைகளின் வாரண்டி போனால் போகட்டும். வீட்டை இரண்டு ஆண்டில் விற்றுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போகப்போகிறேன், இங்கே எதையும் நாட்ட வேண்டியதில்லை என்றும் ஒருமுறை சொன்னாய். அந்தச் சொல் எங்கிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். போகும் நாள் வரும்போது போல்ட்டைக் கழற்றலாம், துளையைச் சிமெந்தால் அடைக்கலாம். அரை நாள் வேலை. இருக்கும் நாளில் இருக்கிறவனாக இரு. பிறருடைய பொருளை வாங்கி வைத்த அன்றே நீ அந்த வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாய். மயூரியின் அழைப்பிதழில் மணமகள் இல்லம் என்று அச்சாகியிருப்பது உன் முகவரி. சாந்தியின் வீடு சிறிது என்று நீயாகவே முன்வந்து கொடுத்த முகவரி. உன்னை நினைத்து நான் தலைநிமிர்ந்தேன். அந்த அட்டைகள் இப்போது டூட்டிங் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. நேற்று வரும் வழியில் நானே ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எழுத்து நடக்கும் நாளும் நேரமும் அதில் இருக்கின்றன.

சாந்தி உன்னிடம், பெட்டகத்தை முடுக்கிவிட்டாயா என்று கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடமும் கேட்கவில்லை. கொடுத்தபின் கேட்பது நம்பாததுபோல் ஆகிவிடும் என்று நினைக்கிற பெண் அவள். வேலைக் கூண்டுக்குள் நின்றுகொண்டு அதை நினைக்காத நாள் இருக்காது; ஆனால் கேட்கமாட்டாள்.

ஆகவே, மகனே, வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று எண்ணாதே. குணம் அண்ணையைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடு; நீயே செய்வதென்றால் இப்போதே தொடங்கு. இந்த மடலை மேசையில் வை. நகைகளை வெளியே எடுத்து உன் மனைவியின் கையில் கொடு. பலகையைக் கழற்று. நான்கு துளை இடு. நான்கு போல்ட்டையும் முடுக்கு. பிறகு உன் வலுவெல்லாம் சேர்த்து அந்தப் பெட்டகத்தைத் தள்ளிப் பார். அது அசையவில்லை என்று உன் தோள் உனக்குச் சொன்ன உடனே தொலைபேசியை எடு. எனக்கு அழைக்காதே. சாந்திக்கு அழை. அவள் கேட்காத கேள்விக்கு விடையைச் சொல்.